‘டங்’கில் தொலைந்த ‘ட்’: அம்பாசமுத்திரம் பக்கம் நடந்த ஒரு பிலிம் திரையிடல்

கடந்த ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், தாமிரபரணிக்கு அதிக தூரமில்லாத ஒரு பழைய தியேட்டர். உள்ளே இருநூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கல்யாண வீட்டு ஆக்குப்புரை. அடியாள் ஒருவன் ஆளுயரக் கரண்டியைச் சுழற்றுகிறான். கதாநாயகன் சட்டென்று குனிந்துகொள்கிறான். பின்னால் பித்தளை அண்டா தலையில் கவிழ்ந்து கண் தெரியாமல் தடுமாறி வருகிற இன்னோர் அடியாளின் மேல் அந்த அடி விழுகிறது. முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே படத்தைப் பார்த்தவர்கள் அந்த ஓர் அடிக்காகவே காத்திருந்தார்கள். அடி விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். எனக்குக் கேட்டது ஒரு முணுமுணுப்பு மட்டுமே. அதற்கு முந்தைய நிமிடம் வரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அது. அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று அன்று இரவே தேட ஆரம்பித்தோம். தேடியதையும், மறுநாள் காட்சிக்கு என்ன செய்தோம் என்பதையும் இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன். பிலிமில் படம் காட்டுகிறவர்கள் அங்கங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இது பயன்படும். படத்தின் பெயரை எழுதவில்லை. பிரிண்டை, அதாவது படத்தின் பிலிம் பிரதியை, வைத்திருந்தவர் அப்படிக் கேட்டுக்கொண்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகைச்சுவைச் சண்டைப் படத்தைப் பழைய பிரிண்டில் காட்டுவதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை என்று நான் இப்போது நினைக்கிறேன். அழுகைக் காட்சியில் ஒரு வினாடி காணாமல் போனாலும் அழுகை நிற்காது. பாட்டில் ஒரு வரி அறுந்தால் கூட்டமே அதைப் பாடி நிரப்பிவிடும். அடிக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருப்பதோ சில பிரேம்கள், அதாவது பிலிமில் அடுத்தடுத்து வரும் சில தனிப் படங்கள். அவை போனால் அடி மட்டும் மிஞ்சுகிறது.

பெட்டிக்குள் இருந்தது

பிரிண்ட் மதுரையில் ஒரு வீட்டு மாடியில் தகரப் பெட்டிகளில் கிடந்தது. 14 ரீல். முதல் ரீலின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது எங்களுக்குப் பெரிய உதவி. அதில் படத்தின் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும். எங்கள் படத்துக்கு 3,840 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12,600 அடி. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி. ஆகவே படம் 140 நிமிடம் ஓட வேண்டும். சுற்றும் மேசையில் ஏற்றி, பல்சக்கரக் கணக்கில் அளந்தபோது 29 மீட்டர் குறைந்தது. கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இத்தனை ஊர் சுற்றிய பிரிண்டுக்கு இது மிகக் குறைந்த இழப்பு என்று ஆபரேட்டர் அண்ணாச்சி சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. எந்த நிமிடம் போயிற்று என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. டூரிங் டாக்கீஸில் பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்து, கார்பன் குச்சிகளை எரித்து வெளிச்சம் உண்டாக்கிய காலத்திலேயே படம் ஓட்டும் கேபினுக்குள் போனவர். இந்தத் தியேட்டரில் படப்பெட்டி வருவது நின்று பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. எல்லாம் டிஜிட்டல். பிலிம் ஓட்டும் பழைய மிஷின்கள் இரண்டும் கேபின் மூலையில் படுதா போர்த்தி நின்றன. சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, நான்கு நாள் எண்ணெய் போட்டு, துடைத்து, வெறும் மிஷினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுத்தான் அவற்றை எழுப்பினார்.

பிரிண்டின் உடம்பையும் அவரே பார்த்தார். மூடியைத் திறந்ததும் முகர்ந்தார். அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் சிதையத் தொடங்கி, காடி வாசனை அடிக்கும். எங்கள் பெட்டியில் இரண்டு ரீல்களில் மட்டும் லேசாக இருந்தது. சுருக்கத்தை அளக்க அவருடைய வழி எளிமையானது: பிலிமின் ஓரத்துத் துளைகளில் நூறை எண்ணி இரும்பு ஸ்கேலில் வைப்பது. புதுப் பிரிண்டில் அது 475 மி.மீ. இருக்கும். எங்களுடையது 472. அரை சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மிஷினின் பல் துளையைக் கிழிக்கத் தொடங்கும். அந்த எல்லைக்கு உள்ளே இருந்தோம். நிறம்தான் சிவந்துபோயிருந்தது. அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கிறது. மிஞ்சுவது செம்மை. வானம் எல்லாம் சாயங்காலமாகவே தெரியும்.

இதையெல்லாம் மீறிப் பிலிமிலேயே காட்டியதற்குக் காரணம் உண்டு. படம் சினிமாஸ்கோப். தமிழில் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ தொடங்கி வைத்த அகலத் திரை. பக்கவாட்டில் பாதியாகச் சுருக்கிப் பதித்த பிம்பத்தை லென்ஸ் விரித்துக் காட்டும். எங்களுக்குக் கிடைத்த ஒரே வேறு பிரதியான வி.சி.டி.யில் இரு பக்கமும் வெட்டப்பட்டிருந்தது. அந்த ஆக்குப்புரைச் சண்டையில் திரையின் இடது ஓரத்தில் ஒரு தவசிப்பிள்ளை, அதாவது சமையல்காரர், நிற்கிறார். சண்டை முழுவதும், பாத்திரங்கள் பறக்க, ஆட்கள் விழ, அவர் அவியலைக் கிண்டிக்கொண்டே இருக்கிறார். ஒரே ஒரு தடவை உப்புப் பார்க்கிறார். வி.சி.டி.யில் அவரே கிடையாது. அவரைப் பார்க்கவாவது இந்தப் பிரிண்டை ஓட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

சனிக்கிழமை

ரீல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஏழு சுருள்களாக்கி, இரண்டு மிஷினில் மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒவ்வொரு சுருளின் கடைசியிலும் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து அடுத்த மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு வினாடி கழித்து இரண்டாவது புள்ளி. அதில் வெளிச்சத்தை மாற்ற வேண்டும். ஆறு மாற்றத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. கேபினின் சதுரத் துவாரத்தில் கண்ணை வைத்தபடி, கையால் பார்க்காமலே விசையைத் தொட்ட அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் படத்தையே மறந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள். நடுவில் குடும்பங்கள். ஓரமாக, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள் பத்துப் பதினைந்து பேர். அவர்களுக்கு வசனம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. தவசிப்பிள்ளை உப்புப் பார்த்தபோது முதலில் சிரித்தது பிள்ளைகள். பிறகுதான் பெரியவர்கள் அவரைக் கவனித்தார்கள். சிரிப்பு இடமிருந்து வலமாக ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்வேன்.

அடுத்த அரை நிமிடத்தில்தான் அந்த அடி. அது ஒரு தனிச் சிரிப்பு அல்ல என்பது முக்கியம். அந்த அண்டா வேடிக்கை மூன்று தடவை வருகிறது. முதல் தடவை தற்செயல். இரண்டாவது தடவை, அண்டாக்காரன் தானே தூணில் மோதிக்கொள்கிறான். மூன்றாவது தடவை கதாநாயகன் கரண்டியை ஓங்கிவிட்டு அடிக்காமல் நிறுத்துகிறான். உள்ளே இருப்பவன் வராத சத்தத்துக்குப் பயந்து அப்படியே சாம்பார்க் கொப்பரைக்குள் சாய்கிறான். முதல் ‘டங்’ காதில் விழுந்தால்தான் மூன்றாவது மௌனத்துக்குப் பொருள் உண்டு. சனிக்கிழமை முதல் அடி வீணாயிற்று. இரண்டாவதுக்குப் பாதிச் சிரிப்பு. மூன்றாவதில், நான்கு தலைமுறையும் சேர்ந்து சிரிக்க வேண்டிய இடத்தில், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாரல். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தம்தான் கெடுத்தது என்றார் தியேட்டர் மேலாளர். நண்பர் ஒருவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்த நகைச்சுவை எடுபடாது என்றார். நான் இரண்டையும் ஏற்கவில்லை. மழை அந்தச் சுருள் முழுவதும் ஒரே சீராகப் பெய்தது. அதே சுருளில் மெல்லிய குரலில் சொன்ன வசனத்துக்குக் கூடச் சிரிப்பு வந்தது. பிள்ளைகளுக்கு எடுபடாது என்றால் தவசிப்பிள்ளைக்கு ஏன் சிரித்தார்கள்?

எட்டுப் பிரேம்

இரவு பத்தரை மணிக்கு ஐந்தாவது சுருளைச் சுற்றும் மேசைக்குக் கொண்டுவந்தோம். அண்ணாச்சி பிலிமின் விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டார். ஒட்டு, அதாவது அறுந்த பிலிமைச் சேர்த்த இடம், வரும்போது விரலில் ஒரு தடிப்புத் தட்டும். அடி விழும் இடத்துக்குச் சற்று முன்னால் தட்டியது.

ஒட்டைத் தாண்டி, கரண்டி அண்டாவில் படும் பிரேம் வரை எண்ணினோம். பன்னிரண்டாவது பிரேம். படம் இருக்கிறது. அடியும் தெரிகிறது. அப்புறம் என்ன குறை என்று நான் கேட்டேன். அண்ணாச்சி பதில் சொல்லாமல் பிலிமைப் பின்பக்கமாக, ஒட்டை நோக்கி நகர்த்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிலிமில் படமும் அதற்குரிய ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில்லை. படச் சட்டத்துக்கு எதிரே பிலிம் வினாடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும். நின்றால்தான் பிம்பம் நிற்கும். ஒலியை வாசிக்கும் இடத்திலோ பிலிம் ஒரே சீராக ஓட வேண்டும்; நின்றால் ஒலி சிதறும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முடியாது. ஆகையால் ஒலி வாசிக்கும் விளக்கைப் படச் சட்டத்துக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தத் தூரத்துக்கு ஈடாக, ஒவ்வொரு படத்துக்கும் உரிய ஒலி 20 பிரேம் முன்னதாகவே பிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும்.

எங்கள் அடியின் படம் ஒட்டுக்குப் பின்னால் 12ஆவது பிரேம். அதன் ஒலி 20 பிரேம் முன்னால், அதாவது ஒட்டு விழுந்த புள்ளிக்கு எட்டுப் பிரேம் முன்னால் தொடங்க வேண்டும். அந்த இடம்தான் பிலிமில் இல்லை. எவ்வளவு இல்லை என்று அறிய வி.சி.டி.யில் அதே காட்சியைப் பிரேம் பிரேமாக நகர்த்தி எண்ணினோம். வி.சி.டி. வினாடிக்கு 25 பிரேம் ஓடினாலும் எண்ணிக்கை மாறாது. பிலிமின் ஒரு பிரேம் அங்கேயும் ஒரு பிரேம்தான். 34 பிரேம் குறைந்தது. ஒன்றரை வினாடிகூட இல்லை. அதில் கடைசி எட்டுப் பிரேமில் அண்டாவின் முதல் அதிர்வு போய்விட்டது.

ஆக, சனிக்கிழமை கூட்டத்துக்குக் கிடைத்தது இது: படம் ஒரு துள்ளுத் துள்ளியது, அரை வினாடியில் கரண்டி அண்டாவில் பட்டது, அப்போது ஒலிபெருக்கியில் அதற்கு முன் நடந்த ஏதோ கத்தல் ஓடிக்கொண்டிருந்தது, வினாடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்து ஒட்டு ஒலி விளக்கைத் தாண்டியதும் ‘பட்’ என்று ஒரு வெடிப்பும், அதைத் தொடர்ந்து பித்தளையின் ரீங்காரமும் வந்தன. ‘டங்’ என்பதில் ‘ட்’ போய் ‘ங்’ மட்டும் மிஞ்சியிருந்தது. அடிபட்டவன் எதற்காக அசையாமல் நிற்கிறான் என்று பார்த்தவர்களுக்கு விளங்காததில் ஆச்சரியம் இல்லை.

ஓட்டுவதற்கு முன் பிரிண்டைச் சோதித்தபோது இதை நாங்கள் கோட்டைவிட்டோம். ஒவ்வொரு ஒட்டிலும் படம் ஒழுங்காகத் தொடர்கிறதா என்று மட்டும் பார்த்தோம். ஒட்டுக்கு அடுத்த 20 பிரேமில் என்ன நடக்கிறது, அதன் ஒலி எங்கே என்று பார்க்கவில்லை. அடி, உதை, கதவு அறைவது, பாத்திரம் விழுவது என்று எது அந்த இருபதுக்குள் வந்தாலும் அதன் ஒலி அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. நகைச்சுவைப் படம் ஓட்டுகிறவர்கள் இதற்கென்று தனியாக ஒரு தடவை பிரிண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. செய்யத் தகுந்த வேலை.

அந்த 34 பிரேம் எப்படிப் போயிற்று? பிலிம் அறுந்து ஒட்டினால், சிதைந்த பகுதியை எடுத்துவிட்டு, பிலிமின் மேல் பூசியிருக்கும் மருந்தைச் சுரண்டி, சிமெண்ட் என்கிற பிலிம் பசையைத் தடவி ஒட்டுவார்கள். அதில் இரண்டு மூன்று பிரேம் போவது வழக்கம். மற்ற ஒட்டுகளின் இரு பக்கமும் துளைகளின் மூலைகளில் மெல்லிய வெடிப்புகள் இருந்தன. இழுபட்டுக் கிழிந்ததன் அடையாளம். இந்த ஒட்டின் இரு பக்கமும் துளைகள் புதிதுபோல் இருந்தன. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “இது கிழிந்தது இல்லை தம்பி. எடுத்தது” என்றார்.

எடுத்தது என்றால் எதற்கு என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வளர்ந்தது கல்லிடைக்குறிச்சியில். பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் பிலிம் துண்டுகள் விற்பார்கள். ஃபியூஸ் போன பல்பின் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். முற்றத்தில் ஒருவன் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்புவான். இருட்டறையில் அப்பாவின் வேட்டி திரை. சண்டைத் துண்டுக்கு விலை அதிகம். அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் ஆளைப் போல ஒரு துண்டு கிடைத்திருந்தால் நான் ஒரு வாரத் தின்பண்டக் காசைக் கொடுத்திருப்பேன். அந்தப் பிரேம்களை யாரோ ஒரு பையன் டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்திருப்பான். எந்த இடத்தை மக்கள் மிகவும் விரும்பினார்களோ அந்த இடம்தான் பிரிண்டில் முதலில் குறைந்திருக்கிறது. அதில் எனக்குக் கோபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காட்சிக்குப் பதினெட்டு மணி நேரம் இருந்தது. வி.சி.டி.யிலிருந்து ஒலியை எடுத்துத் தனியாக ஓட்டலாம் என்று ஒரு யோசனை. ஓட்டத்தின் வேகமே வேறு, குரலின் சுருதியும் ஏறியிருக்கும் என்பதால் விட்டுவிட்டோம். காட்சிக்கு முன் மேடையேறி விளக்கிவிடலாம் என்றார் ஒரு நண்பர். விளக்கிய பிறகு எவன் சிரிப்பான்?

வழி அண்ணாச்சியிடமிருந்து வந்தது. அடியின் ஒலியில் போனது வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு வரும் ரீங்காரம் பிலிமிலேயே சரியான நேரத்தில் இருக்கிறது. அந்த ‘ட்’டை மட்டும் நாம் அடித்துக் கொடுத்தால் போதும். அவருடைய அக்காள் மகன் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். கோயில் கொடை நடக்கும் மாதங்களில் விடிய விடியப் புலவரின் குரலைப் பார்த்துக் கை வைக்கிற ஆள். காலையில் போன் போயிற்று. மதியம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து சேர்ந்தார். வாடகைப் பாத்திரக் கடையில் நடுத்தரமான ஒரு பித்தளை அண்டா எடுத்தோம். நான்கு கரண்டிகளைத் தட்டிப் பார்த்து, இரும்புக் கரண்டியை ஒதுக்கி, மரப்பிடிக்குத் துணி சுற்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அவரை நிறுத்திய இடம் திரைக்குப் பின்னால், நடு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். ஒலி வெளியே வருவதற்காகத் திரை முழுவதும் பொடித் துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகப் பின்னால் நிற்பவருக்கும் படம் தெரியும், இடம் வலம் மாறி. ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலேயே அண்டாவும் இருப்பதால் இரண்டு சத்தமும் ஒரே தூரத்திலிருந்து காதுக்கு வரும். கேபினிலிருந்து அடித்திருந்தால் பின்வரிசைக்கு அது தலைக்குப் பின்னால் கேட்டிருக்கும்.

எப்போது அடிப்பது என்பதற்கு அடையாளம் தேவைப்படவில்லை. அந்த ஒட்டே அடையாளம். படம் துள்ளியதும் அரை வினாடியில் அடி. அண்ணாச்சி ஐந்தாவது சுருளின் அந்தப் பகுதியை மட்டும் மத்தியானம் மூன்று தடவை ஓட்டினார். நான்காவது தடவை ஓட்ட மறுத்துவிட்டார். ஒவ்வொரு ஓட்டமும் பிரிண்டின் ஆயுளில் கழிகிறது. முதல் தடவை கை முந்தியது. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. ‘பட்’ என்ற வெடிப்பை அடக்க, ஒட்டின் மேல் ஒலிக்கோடு ஓடும் இடத்தில் கறுப்பு மையைச் சாய்வாகப் பூசினார்.

இது சரியா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. படத்தில் இல்லாததைச் சேர்க்க நாம் யார் என்றார் ஒருவர். பிலிமில் இருப்பதை மாற்றாத வரை தப்பில்லை என்பது என் முடிவு. ஒட்டின் மேல் பூசிய மையைத் தவிர, பிரிண்டில் நாங்கள் எதையும் நுழைக்கவில்லை. அன்றைய காட்சிக்கு வந்தவர்களுக்கு, படம் எடுத்தவர்கள் கொடுக்க நினைத்ததைக் கொடுத்தோம். அண்டா போய்விட்டால் பிரிண்ட் பழையபடி இருக்கும். அதே கேள்வி நாளை வந்தாலும் இதையே செய்வேன்.

ஞாயிறு மாலையும் சாரல் இருந்தது. கூட்டம் சற்றுக் கூடுதல். முந்தின நாள் வந்த பிள்ளைகள் சிலர் மறுபடி வந்திருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். தவசிப்பிள்ளை எனக்கு இப்போது வலது ஓரத்தில் இருந்தார். அவர் உப்புப் பார்த்தார். குடம் அடிப்பவர் கரண்டியைத் தூக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் தளர்த்திக்கொண்டார். கண் திரையில். படம் துள்ளியது. அண்டா முழங்கியது. அவர் உடனே உள்ளங்கையை அதன் மேல் வைத்து அமுக்கிவிட்டார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒலிபெருக்கியின் ரீங்காரம் எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்திருந்தால் அது என் காதுக்கு எட்டவில்லை.

திரைக்குப் பின்னால் நிற்பவருக்குச் சிரிப்பு முன்னாலிருந்து வந்து முகத்தில் அடிக்கிறது. முதல் அடிக்கு அப்படி வந்தது. தூணில் மோதியபோது இன்னும் பெரிதாக. மூன்றாவதில், கரண்டி ஓங்கி நின்ற அந்த மௌனத்தில், முன்வரிசைப் பிள்ளை ஒன்று தன் வாயாலேயே “டங்” என்றது. அண்டாக்காரன் கொப்பரைக்குள் சாய்ந்தபோது அடுத்து வந்த இரண்டு வசனங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அண்டாவைத் துலக்கிக் கடையில் ஒப்படைத்தோம். ஒரு நாள் வாடகைதான் பிடித்தார்கள். மதியம் அண்ணாச்சி ரீல்களைப் பழையபடி பிரித்து, ஒவ்வொன்றையும் வாலிலிருந்து தலைக்குச் சுற்றி, பெட்டிகளில் அடுக்கினார். ஒன்பதாம் ரீலின் மூடியை மூடுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அடுத்து ஓட்டப்போகிறவருக்காகக் கொட்டை எழுத்தில் எழுதி உள்ளே வைத்தார்:

“அண்டா அடி. 34 பிரேம் இல்லை. துள்ளியதும் அரை வினாடி. திரைக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும்.”